ஒரு பாடலும் ஒரு படமும் இரு குத்துச்சண்டை வீரர்களும்



பழைய ஆங்கிலப் படங்கள், றொக் இசை, குத்துச்சண்டை ஆகிய மூன்றிலும் எனக்குத் தீராத மோகம் உண்டு. நான் விமர்சகன் அல்லன், வெறும் ரசிகன். இம்மூன்றும் ஒரே மனிதரின் வாழ்வில் வந்து கூடிய கதையொன்றை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அவர் பெயர் றூபின் கார்ட்டர். அமெரிக்கக் கறுப்பின வீரர். அவரது குத்தின் வேகத்தைக் கண்டவர்கள் அவரை 'ஹரிக்கேன்', அதாவது சூறாவளி என்று அழைத்தார்கள்.

அவரை நான் அறிந்தது பொப் டிலனின் பாடல் மூலமாகத்தான். 1975இல் வெளிவந்த 'ஹரிக்கேன்' எட்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் பாடல். ஸ்கார்லெற் றிவேராவின் வயலின் அதில் பாடகரை விடாமல் துரத்திக்கொண்டே வரும். நண்பரொருவர் பதிந்து தந்த கசெற்றில், நாடா தேயும்வரை கேட்டேன். சொற்கள் பாதிதான் புரிந்தன. கோபம் முழுவதுமாகப் புரிந்தது.

1966 ஜூன் மாதம் நியூ ஜேர்சி மாநிலத்துப் பற்றர்சன் நகரில், மதுச்சாலை ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூடு மூவரின் உயிரைக் குடித்தது. கார்ட்டரும் ஜோன் ஆர்ட்டிஸ் என்ற இளைஞரும் குற்றவாளிகள் என, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1967இல் தீர்ப்பளித்தது. இருவருக்கும் ஆயுட்தண்டனை. சிறையிலிருந்து கார்ட்டர் எழுதிய சுயசரிதை 1974இல் வெளியானது. அதைப் படித்த டிலன் சிறைக்கே சென்று அவரைச் சந்தித்தார். அதன் பின்னரே பாடல் பிறந்தது.

பாடலோடு சிறைக்கதவு திறந்துவிட்டது என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். நடந்தது வேறு. 1976இல் மறுவிசாரணை கிடைத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இருவரும் மீண்டும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். ஆர்ட்டிஸ் 1981இல்தான் வெளியே வந்தார். இனவெறுப்பைத் தூண்டியும் சான்றுகளை மறைத்தும் பெறப்பட்ட தீர்ப்பு அது என்று கூறி, சமஷ்டி நீதிபதி சறோக்கின் 1985இல் அதனை ரத்துச் செய்தார். வழக்கறிஞர்களும் கனடாவிலிருந்து வந்த சில நண்பர்களும் ஆண்டுக்கணக்காகக் கோவைகளைப் புரட்டியதன் பலன் அது.

பிறகு, 1999இல் நோர்மன் ஜூவிசனின் திரைப்படம் வந்தது. கார்ட்டராக டென்சல் வோஷிங்டன். சண்டைக் காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வரும். பழைய படங்களில் ஊறிய என்போன்றோருக்கு அது விருந்து.

அதிலே ஒரு காட்சி. 1964 டிசம்பரில் பிலடெல்பியாவில் நடந்த உலக சம்பியன் போட்டி. ஜோயி ஜியார்டெல்லோ என்ற வெள்ளையரைக் கார்ட்டர் அடித்து நொறுக்குகிறார். நடுவர்களோ நிறம் பார்த்து வெற்றியைப் பறித்துவிடுகிறார்கள். நான் ஆசனத்திலிருந்து எழுந்து திட்டினேன்.

பின்னர்தான் உண்மையைத் தேடிப் படித்தேன். 15 சுற்றுகளும் நின்று ஆடிய ஜியார்டெல்லோவுக்கே நடுவர்கள் ஒருமனதாக வெற்றியை அளித்திருந்தார்கள். நேரில் பார்த்த பத்திரிகையாளர் பலரும் அதனை ஏற்றிருந்தனர். முதுமையில் அந்த மனிதர் தமது வெற்றியைக் காப்பாற்ற வழக்குத் தொடர வேண்டியதாயிற்று. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகத் தீர்ந்தது.

நேயர்களே, இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அநீதியை எதிர்த்து எடுக்கப்பட்ட படம், போகிற போக்கில் இன்னொருவருக்கு அநீதி இழைத்தது. நானும் அதற்குத் துணைபோனேன். சாட்சியத்தைப் பாராமல் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதானே கார்ட்டருக்கு நேர்ந்த கொடுமை? திரையரங்கில் நான் செய்ததும் ஏறக்குறைய அதுவே.

கார்ட்டர் பின்னாளில் ரொறன்ரோவில் குடியேறி, தவறாகத் தண்டிக்கப்பட்ட பிறருக்காக உழைத்தார், 2014இல் காலமானார். அந்தப் பாடலை இன்றும் கேட்கிறேன். இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் பாடல் முடிந்ததும், அதில் சொல்லப்படாதவர்கள் யார் என்று தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. என் ரசனை அதனால் குறைந்துவிடவில்லை.