முதல் கரண்டி யாருக்கு?



மாணவர்கள் காலையிலிருந்து அடுப்படியில் வெந்து செய்த பீர்க்கங்காய்த் தோல் துவையலையும், தர்பூசணியின் வெள்ளைச் சதையில் வைத்த கூட்டையும் ருசி பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன். நாம் சீவி எறிவதில் இத்தனை ருசியா! 2009 டிசம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், குப்பைக்குப் போகவிருந்த காய்கறிகளைச் சமைத்து 5,000 பேருக்கு விருந்து வைத்தார்கள். சீவி எறிவதைச் சமைத்துப் பரிமாறும் நம்முடைய இந்த உணவுத் திருவிழாவும் அதே வழியில் வந்ததுதான்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கைக் கேளுங்கள். 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது. ஓட்டல்காரரைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது.

நம் கல்யாணப் பந்தியையே பாருங்கள். ஆள் உட்காரும் முன்பே இலை நிரம்பிவிடுகிறது. சர்க்கரை நோயாளியின் இலையிலும் ஜாங்கிரி, பல் போன பாட்டியின் இலையிலும் வாழைக்காய் வறுவல். கேட்டுப் பரிமாறினால் கௌரவமா குறைந்துவிடும்? கடித்து வைத்த வடையை யாருக்குக் கொடுப்பது? இலையோடு சுருட்டி எறிய வேண்டியதுதான்.

அண்டாவில் மிஞ்சுவது கைபடாத சோறு. ஆனால் மதியம் சமைத்ததை எடுத்துக்கொண்டு இரவில் ஆள் தேடினால், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு அதற்குள் ஊசிப்போயிருக்கும். ஊசியதைக் கொடுப்பதற்குப் பெயர் தானமா? பசித்தவரை அவமதிப்பது அது.

பசித்தவரை மதித்த இடமும் நம்மிடம் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, வந்தவருக்கெல்லாம் சோறு. யார் வீட்டு மிச்சத்துக்கும் காத்திருக்காமல், பசித்தவருக்கென்றே அங்கே உலை வைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், பசித்தவருக்கு உரியது முதல் கரண்டி.

உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்குச் சமையல்காரரிடம் ஆள் கணக்குச் சொல்லும்போதே, பக்கத்து முதியோர் இல்லத்தின் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பந்திக்கு இலை போடும்போதே அவர்களுக்கான தூக்குவாளிகள் கிளம்பட்டும். மண்டபத்தில் எதையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள். இன்று இங்கே சாப்பிடப் போகும் நாமும் வேண்டிய அளவே வாங்கிக்கொள்வோம்.