ஆட்டங்கண்ட செயற்கைப் பல்

வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரையை நேயர்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றைக் காப்பதற்காக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1940-இல் ஒரு பூங்காவை அமைத்தது. அவ்வூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், கல்லூரியில் படிக்கும் தம் பேரனோடு சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்தார். கீழ்த்தாடையில் பதித்திருந்த இம்ப்ளாண்ட் பல் ஆடிக்கொண்டிருந்தது. வேறோரிடத்தில் பதித்த பல் அது. பதித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பேரன்தான் முதலில் பேசினார். "எங்கள் ஊரில் மரமே கல்லாகிவிட்டது, ஐயா. தாத்தாவின் எலும்பு மட்டும் இந்த இரும்பை ஏன் பிடித்துக்கொள்ளவில்லை?" என்றார்.

கேள்வி நன்று, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. திருவக்கரையில் நிகழ்ந்தது உயிர் நீங்கிய மரத்தில். மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த மணற்சத்து, மரத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகத் தான் பிடித்துக்கொண்டது. தாடையிலோ உயிருள்ள எலும்பு தானே வளர்ந்து சென்று உலோகத்தைத் தழுவ வேண்டும். அவ்வுலோகமும் இரும்பன்று, டைட்டேனியம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிறதே, அதே டைட்டேனியந்தான்.

இவ்வுறவு தற்செயலாகக் கண்டறியப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் பிரேனமார்க், 1952-இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டேனியத்தாலான ஒரு சிறு கருவியைப் பொருத்திக் குருதி ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிந்து கருவியை எடுக்க முயன்றார், வரவில்லை. எலும்பு அதனை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது. 1965-இல் கோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் முதன்முதலாக டைட்டேனியத் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006-இல் இறக்கும் வரையில் அவை நிலைத்திருந்தன. இன்று பதிக்கப்படுபவற்றுள் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை பத்து ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன. எஞ்சியவை ஏன் தோற்கின்றன?

முதல் சில மாதங்களிலேயே தோற்பவை ஒருவகை. எலும்பு உலோகத்தைப் பற்றவே இல்லை என்பது இதன் பொருள். துளையிடும்போது எழும் சூடு ஒரு காரணம். எலும்பு ஒரு நிமிடத்திற்கு 47 பாகை செல்சியசுச் சூட்டை அடைந்தாலும் அதன் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். ஆதலின் உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே மெல்லத் துளையிடுகிறோம். நோய்க்கிருமி புகுதலும் காரணமாகலாம். பற்றுவதற்கு முன்பே அப்பல்லால் அழுத்தி மென்று, திருகை அசைத்துவிடுதலும் உண்டு. அன்று நட்ட நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பவன் செயல் போன்றது அது.

ஆண்டுகள் சென்றபின் தோற்பது மற்றொரு வகை. பெரியவருக்கு நேர்ந்தது இதுவே. பல்லைச் சுற்றி அழுக்குப் படியும். ஈறு சிவந்து, துலக்கும்போது குருதி கசியும். அந்நிலையிலேயே வந்தால் தூய்மை செய்து மீட்டுவிடலாம். விட்டுவிட்டாலோ வீக்கம் கீழிறங்கி எலும்பைக் கரைக்கும். கரைந்த எலும்பு எளிதில் மீளாது.

"ஈறில் இரத்தம் கண்டதுண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷமாகவே உண்டு. ஆனால் வலியே இல்லீங்க ஐயா. வலித்திருந்தால் வந்திருக்க மாட்டேனா?" என்றார்.

மாணவ நண்பர்களே, இவ்விடத்தைச் சற்றே ஊன்றிக் கேளுங்கள். இயற்கைப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே உணர்த்துவது அதுவே. மெல்லும் அழுத்தத்தைத் தாங்கும் மெத்தையும் அதுவே. பதித்த பல்லுக்கு அப்படலம் இல்லை. எலும்பும் உலோகமும் நேராகப் பொருந்தியுள்ளன. எனவே உறக்கத்தில் பற்களைக் கடிக்கும் வழக்கமுடையார்க்கு இப்பல் மிகை அழுத்தத்திற்கு உள்ளாகும். தீங்கு நேரும்போது அது கூச்சலிடுவதுமில்லை. வலியை எதிர்பார்த்திருந்த பெரியவர் ஓராண்டை இழந்தார், எலும்பையும் இழந்தார்.

இன்னும் ஒன்று இருந்தது. பேரன் வெளியே சென்ற வேளையில், தாம் பீடி புகைப்பதையும், சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஒழுங்காக உண்ணாமையையும் தாழ்ந்த குரலில் சொன்னார். பல்லைப் பதித்தவரிடம் இவ்விரண்டையும் மறைத்துவிட்டாராம். குற்றஞ்சொல்லுவார்களோ என்ற கூச்சம்! புகை ஈறுக்குச் செல்லும் குருதியைக் குறைக்கிறது. அடங்காத சர்க்கரை புண் ஆறுவதைத் தடுக்கிறது. மருத்துவர் இவற்றைக் கேட்பது குற்றப்பத்திரிகை எழுதுவதற்கன்று. உண்மை தெரிந்திருந்தால் அவர் பதிக்கும் காலத்தைத் தள்ளி வைத்திருக்கக்கூடும். இவ்வளவையும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய பொறுப்பு மருத்துவருக்கும் உண்டு என்பதையும் நான் மறுக்கமாட்டேன்.

ஆடுகிறது என்றவுடன் தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டா. மேலே தெரியும் பல்தொப்பியோ, அதைப் பிணைக்கும் சிறு திருகோ தளர்ந்திருந்தால் ஒரே நாளில் சரிசெய்யலாம். வீட்டிலே முறுக்கிப் பார்த்தல் மட்டும் கூடாது. எலும்புக்குள் இருக்கும் வேர்த்திருகே அசைகிறதா என்பதை மருத்துவர் சோதனையாலும் எக்ஸ்ரேயாலும் அறிவார். அது அசையுமானால் மீண்டும் பற்றாது, எடுத்துவிடுதலே முறை. நாட்கடத்துவதால் எலும்பு மேலும் குறையும். பதித்த இடத்திலிருந்து திருகின் அளவு, தயாரிப்பின் பெயர், பழைய எக்ஸ்ரே ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வருதல் பேருதவியாகும்.

பெரியவருடைய எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றிக் கருநிழல் படிந்திருந்தது. திருகை எடுத்துப் புண்ணைத் தூய்மை செய்தேன். பின்னர் நான்கு மாதம் காத்திருந்தோம். அதற்குள் மூன்று மாதச் சர்க்கரை அளவு இறங்கியது, பீடியையும் விட்டார். முழுதும் விட்டாரா என்பதைப் பேரன்தான் சொல்ல வேண்டும்!

எலும்புத் தூளிட்டு இடத்தை நிரப்பி, மறுபடியும் ஒரு திருகைப் பதிக்கலாம் என்றேன். இரண்டாம் முறை பதிப்பதன் வெற்றி முதன்முறையினும் சற்றுக் குறைவு என்பதையும், செலவையும் மறைக்காமல் சொன்னேன். இருபுறத்துப் பற்களையும் செதுக்கி அவற்றின்மேல் பாலம்போல் பல் கட்டுவது மற்றொரு வழி. நல்ல பற்களைச் செதுக்க வேண்டியிருப்பது அதன் குறை. கழற்றி மாட்டும் பல் செட்டும் உண்டு. பேரன் புதிய திருகையே விரும்பினார். பெரியவர் ஒரு வாரம் எண்ணிப் பார்த்து, பக்கத்துப் பற்கள் இரண்டிலும் முன்பே சொத்தையடைத்த தழும்பு இருப்பதால் பாலமே போதும் என்றார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். சென்ற முறை வந்தபோது, தம் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை ஒரு பையில் கொண்டுவந்து, என் முன்னிலையிலேயே அந்தப் பக்கமாக இரண்டை மென்று காட்டினார்.