காகிதப் பூவும் என் கூலியும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் எங்க மாமனார் மாமியாருக்குக் கல்யாணமாகி 40 வருஷம் ஆனது. சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வீட்டு வாசலிலேயே சாப்பாடு போடலாம் என்று முடிவு செய்தோம். பந்தல் அலங்காரத்துக்கு மட்டும் 8,000 ரூபாய் கேட்டார்கள். எங்க வீட்டுக்காரர், "உன் குழுவுல கடன் எடேன்" என்றார். "ஆடு மாடு வாங்கக் கடன் எடுக்கலாம், ஒரு நாள் அலங்காரத்துக்கு எடுத்துட்டு வருஷம் பூரா வட்டி கட்டணுமா? நானே செய்றேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது தைரியம்தான். ராத்திரி படுத்தபோது பயம் வந்தது.

மகள் போனில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். கிரேப் காகிதம் 20 சுருள் 300 ரூபாய், கலர் சார்ட் 120, சுருட்டுப் பூ செய்கிற மெல்லிய காகிதப் பட்டை 160, பசை, கம்பி, சணல் கயிறு 200, தாம்பூலப் பைக்கு பிரவுன் ஷீட் 50 தாள் 300. மொத்தம் 1,080 ரூபாய்.

கிரேப் காகிதம் ஒரு பக்கமாகத்தான் இழுபடும். இதழின் சுருக்கக் கோடு மேலும் கீழுமாக வரும்படி வெட்டி, நடுவில் இரண்டு கட்டைவிரலால் லேசாக இழுத்தால் கிண்ணம் மாதிரி குழியும். அப்போதுதான் நிஜ ரோஜா போல இருக்கும். குறுக்கே வெட்டிய என் முதல் பத்துப் பூவும் வீண். இன்னொன்று, இந்தக் காகிதத்தில் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். முதல் நாள் ராத்திரியே பந்தலில் கட்டி, பனியில் சிவப்புச் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டது. காலையில்தான் கட்ட வேண்டும்.

பட்டையைச் சுருட்ட ஊசி வாங்கவில்லை. விளக்குமாற்றுக் குச்சியின் நுனியைப் பிளந்து, அதில் பட்டையைச் செருகிச் சுருட்டினேன். அப்படி 40 பூ செய்து ஒரு பெரிய அட்டையில் ஒட்டினேன். ஒவ்வொரு பூவுக்கும் கீழே ஒரு வருஷம், அந்த வருஷம் வீட்டில் நடந்தது. கிணறு வெட்டியது, ஓடு மாற்றியது, என்னை மருமகளாகக் கூட்டி வந்தது.

நம்ம மாநிலத்தில் மகளிர் குழு முதலில் தொடங்கியதே 1989-ல் நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். எங்க அத்தை 1998-ல் சேர்ந்தார். அந்தப் பூவுக்குக் கீழே "அத்தை குழுவில் சேர்ந்தது" என்று எழுதியிருந்தேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. பேத்தியை வைத்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். 1998 வந்ததும், "அத இன்னொரு தடவ படி" என்றார்.

தாம்பூலப் பைதான் என்னைச் சோதித்தது. அரைத் தாளை மடித்து, ஒரு அங்குலம் மேலே ஏற்றி ஒட்டி, அடிப்பக்கம் மடித்து, மைதாப் பசையால் ஒட்டினேன். வெற்றிலை வைக்கிற பை, பிள்ளைகள் கை படும் என்பதால் பசையில் துத்தம் போடவில்லை. அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டேன். அத்தை ஒரு தேங்காயைப் போட்டுத் தூக்கிப் பார்த்தார். அடி பிய்ந்து தேங்காய் அவர் காலிலேயே விழுந்தது! பிறகு பழைய நோட்டு அட்டையை அளவாக வெட்டி அடியில் வைத்து ஒட்டினோம். விழாவில் 100 பை கொடுத்தோம், ஒன்றுகூடக் கிழியவில்லை.

பையைப் பார்த்த ஒரு சொந்தக்காரர், தன் வீட்டுக் காதுகுத்துக்கு 200 பை கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னே எங்க வீட்டுக்காரர், "அஞ்சு ரூபா குடுங்க, வீட்ல சும்மா இருக்கற நேரத்துல செய்றதுதானே" என்றார். 1,000 ரூபாய் கைக்கு வந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் சந்தோஷமாகச் சொன்னேன். எங்க குழுவில் கணக்கு எழுதுகிற அக்கா கேட்டார்: "சாமான் செலவு எவ்வளவு? எத்தனை மணி நேரம் உக்காந்த?"

சாமான் 750. வேலை 20 மணி நேரம். மிச்சம் 250. மணிக்குப் பன்னிரண்டரை ரூபாய். "நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாக்கூட இதவிட வந்திருக்கும். உன் கூலி எங்கம்மா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷம் காகிதத்துக்குக் கணக்கு எழுதினேன், எனக்கு எழுதவே இல்லை.

அன்றைக்கே உட்கார்ந்து போட்டோம். ஒரு பைக்குச் சாமான் 3.75. மணிக்கு 50 ரூபாய் கூலி, மணிக்கு பத்துப் பை, ஆகக் கூலி 5. கழிவுக்கும் பஸ்ஸுக்கும் 1.25. விலை 10 ரூபாய்.

அடுத்து வந்தவர், "காகிதப் பைக்குப் பத்து ரூபாயா?" என்று திரும்பிப் போனார். வரவே இல்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை சரியில்லை. ஆனாலும் விலையைக் குறைக்கவில்லை. பதினைந்து நாள் கழித்து வேறொருவர் 300 பை பத்து ரூபாய்க்கே வாங்கினார். கூலி மட்டும் 1,500. அதில் அடி ஒட்டிய அத்தைக்கு 500 கொடுத்தேன். "எனக்கு எதுக்கும்மா, நான் சும்மாதானே இருந்தேன்" என்றார். "சும்மா இல்ல அத்தை, அது கூலி" என்று கையில் வைத்தேன். அதைக் குழுச் சேமிப்பில் கட்டிவிட்டார்.

அக்கா தங்கைகளே, நான் கேட்பது இரண்டுதான். பொடி, ஊறுகாய், பை, பூ எது செய்தாலும் நோட்டில் "என் கூலி" என்று ஒரு வரி எழுதுங்கள். நம்ம கூட்டமைப்பில் பை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து தாளை மொத்தமாக வாங்கி, ஒரே விலை வைப்போம். நான் பத்து சொல்லி நீங்கள் ஐந்து சொன்னால், இரண்டு பேருக்கும் கூலி இல்லை.