கண் நேரானால் மட்டும் போதுமா?

(கண்டாச்சிபுரத்தில் பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மாறுகண் இருந்தால் யோகம் என்று சொல்லிக் காலம் கடத்துவது நம்மிடையே குறைந்து வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால், அறுவை சிகிச்சையில் கண் நேரானதும் "வேலை முடிந்தது" என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. மூளை அந்த இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் எது கிட்டே, எது தள்ளி என்பது துல்லியமாகத் தெரிகிறது. குழந்தை பிறந்து 3 முதல் 5 மாதங்களுக்குள் இந்தத் திறன் வரத் தொடங்கும். கண் விலகியிருந்தால், இரட்டையாகத் தெரியாமலிருக்க மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடுகிறது. அறுவை சிகிச்சை கண்ணை நேராக்கும். மூளையின் அந்தப் பழக்கம் உடனே போய்விடாது.

அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரிக்குச் சிறுவயதிலேயே 3 முறை அறுவை சிகிச்சை நடந்தது. பார்ப்பவர்களுக்குக் கண் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் இரு கண்ணும் சேர்ந்து தரும் ஆழப் பார்வை, 48 வயதில் கண் பயிற்சி செய்த பிறகே அவருக்கு வாய்த்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. சின்ன வயதில்தான் மூளை எளிதில் பழகும். அந்தக் காலத்தை நாம் வீணாக்கக் கூடாது.

எனவே, மருத்துவர் கண்ணாடி எழுதித் தந்தால் பிள்ளை அதை விடாமல் போடட்டும். நல்ல கண்ணை மூடி வைக்கச் சொன்னால், அழுகிறதே என்று அவிழ்த்துவிடாதீர்கள். சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்கத்தான் அது. சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போங்கள். ஆழப் பார்வை எவ்வளவு வந்திருக்கிறது என்று சோதித்துத் தரும்படி கேளுங்கள்.

டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினாலும், படியில் தடுமாறினாலும், பந்தைத் தவறவிட்டாலும் "கவனமில்லாதவன்" என்று திட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்குத் தூரம் சரியாகப் பிடிபடாமல் இருக்கலாம். பள்ளி ஆசிரியரிடமும் மதரஸா உஸ்தாதிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. பஸ் செலவோ ஒருநாள் கூலியோ தடையாக இருந்தால் கூச்சப்படாமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள். எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும் சரி, இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்வோம்.