அருஞ்சொல்லும் ஆடுகளமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



யானைக்குரிய பெயர்கள் எவை என்று கேட்டால், நிகண்டு கற்ற மாணவன் வேழம், களிறு, பிடி, கைம்மா, உம்பல், கயம், ஒருத்தல் என ஒரே மூச்சில் ஒப்புவிப்பான். கேட்போர் வியந்து பாராட்டுவர். அவற்றுள் ஏதேனும் ஒன்றை வைத்து ஒரு தொடர் எழுதுக என்று அவனிடமே கூறினால், "களிறு கன்று ஈன்றது" என்று எழுதிவிடவும் கூடும். பெயர்களை அடுக்கியபோது வெளிப்படாத அறியாமை, மூன்று சொற்களாலான ஒரு தொடரில் வெளிப்பட்டுவிடுகிறது. களிறு என்பது ஆண் யானை. ஈனும் உரிமை பிடிக்கே உண்டு. வகுப்பு முழுவதும் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கிய பின்னர், அங்கிருந்த ஒருவரும் களிற்றையும் பிடியையும் வாழ்நாளில் மாற்றி எழுதமாட்டார்.

(களிறு என்னும் பெயர் ஆண் பன்றிக்கும் பொருந்தும் எனத் தொல்காப்பிய மரபியல் இசைவு தருகிறது. யானைப் பெயரைப் பன்றிக்கும் வழங்கலாமா என்று முகம் சுளிப்போர் தொல்காப்பியரிடம்தான் முறையிட வேண்டும்.)

அருஞ்சொற்களைக் கற்பதும், அவற்றைத் தொடரில் அமைத்து விளையாடுவதும் இருவேறு செயல்களாக இன்று பிரிந்து நிற்கின்றன. முன்னது தேர்வுக்குரியது எனவும், பின்னது பொழுதுபோக்கு எனவும் கருதப்படுகிறது. தமிழ் மரபு அவற்றை அவ்வாறு பிரித்து வைக்கவில்லை.

நிகண்டுகளின் அமைப்பே இதற்குச் சான்றாகும். சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்களைத் திரட்டிய பின்னர், ஒரு சொல் பல பொருள் குறித்தலுக்கெனத் தனித் தொகுதி ஒன்றை அது ஒதுக்குகிறது. பிங்கலந்தை அதனைப் பின்பற்றி விரிந்தது. பின்னர் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்தது. ஓசை எளிமையால் திண்ணைப் பள்ளிச் சிறுவரும் அதனை மனப்பாடம் செய்தனர். அந்நூலின் பதினோராம் தொகுதியில் பல பொருள் குறிக்கும் சொற்கள் எதுகை முறையில் வரிசைப்படுத்தப்பட்டிருத்தல் ஊன்றி நோக்கத்தக்கது. எதுகை எவருக்கு வேண்டும்? செய்யுளின் பாதியில் சொல்லின்றித் தவித்து நிற்பவருக்கே வேண்டும். 1732இல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவரும் பெயர், பொருள், தொகை ஆகிய மூன்று பகுதிகளோடு நிறைவடையாமல், தொடை என நான்காவது பகுதி ஒன்றையும் அமைத்தார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற அத்துறவி, இந்நாட்டுப் புலவனுக்கு எது தேவை என்பதை நன்கு உணர்ந்திருந்தார். சொல் சேர்த்து வைக்கப்பட்டது, எடுத்து ஆளுவதற்காக. பள்ளிகள் நாளடைவில் ஒப்புவித்தலோடு நின்றுவிட்டன; ஆளுதல் வித்துவான்களின் தனியுடைமை ஆயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் அடங்கியுள்ளன. அதனைப் புரட்டும் இளங்கவிஞருக்கு இரண்டில் ஒரு நோய் பற்றுவதுண்டு. ஒன்று அச்சம்: இத்தனை சொற்களும் தமக்கு அந்நியம் என்று மூடி வைத்துவிடுவர். மற்றொன்று ஆசை: கண்ணில் பட்ட பத்துச் சொற்களைப் பொறுக்கித் தம் கவிதையில் தூவுவர். இரண்டாம் நோயே கொடிது. தூவிய சொல் வேர் கொள்வதில்லை.

இங்கே ஒரு தடை எழும். 1912இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதியார் எளிய சொல்லையும் எளிய நடையையும் வேண்டினாரே, அவ்வாறிருக்க அருஞ்சொல் எதற்கு என்பர். தக்க வினாவே ஆகும். அவர் காலத்துக்கு முன்பு யமகம், திரிபு, சித்திரகவி ஆகியவற்றில் மூழ்கிய புலமை, பொருளை இழந்து முடிச்சை மட்டும் காத்துவந்தது. அதனை அறுத்தெறிந்தது நன்றே. ஆயினும் அருமையும் கடுமையும் ஒன்றல்ல. ஒரு சொல் அரிதாவது பெரும்பாலும் அதன் தொழிலிடத்திலிருந்து கேட்பவர் விலகிச் சென்றமையால்தான்.

பிஞ்சு என்னும் ஒரு சொல்லே இன்று எல்லாக் காய்க்கும் போதுமானதாகிவிட்டது. தமிழோ மாவின் பிஞ்சை வடு என்றது. பலாவின் பிஞ்சை மூசு என்றது. வாழையின் பிஞ்சைக் கச்சல் என்றது. கமுகின் பிஞ்சை நுழாய் என்றது. எள்ளின் பிஞ்சைக் கவ்வை என்றது. தென்னைக்கும் பனைக்கும் குரும்பை என்றது. தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளம் காட்ட இவற்றை வரிசைப்படுத்தியுள்ளார். இவற்றுள் வடு மட்டும் ஊறுகாய்ச் சாடியின் தயவால் எல்லார் நாவிலும் நிலைத்துவிட்டது. அதனை அருஞ்சொல் என்று ஒருவரும் கூறார். மூசு அரிதாயிற்று, அதனை ஊறுகாய் இடுவார் இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள், ஒரே அளவு எளியவை.

மா என்னும் நில அளவும் இத்தகையதே. இருபது மா ஒரு வேலி. தஞ்சை வட்டாரத்து உழவரிடம் கேட்டால், எத்தனை மா நடவு ஆயிற்று என்று தயங்காமல் கூறுவார். நகரத்துக் கவிஞருக்கு அது அகராதிச் சொல்.

இனி விளையாட்டுக்கு வருவோம். "ஒரு மா நிலத்தில் ஒரு மா, அதன் நிழலில் ஒரு மா" என்று ஒரு தொடர் அமைத்துக் கேட்போரிடம் பொருள் வினவலாம். முதலாவது நில அளவு, இரண்டாவது மாமரம், மூன்றாவது குதிரை. மூன்றாவதை யானை என்பாரும் இருப்பர். விலங்கு என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முயல்வாரும் இருப்பர். அவையில் அதுபற்றி வழக்கு எழட்டும். வழக்கு எழுவதே பயன். நிழல் என்ற ஒரு சொல் இல்லாவிடின் இரண்டாவது மா மரமாக நின்றிராது என்பதும் அப்போது புலப்படும். சொல்லுக்குப் பொருளை வரையறுப்பது அதன் பக்கத்தில் நிற்கும் சொல்.

"வேழத்தை வேழம் முறித்தது" என்பது மற்றொன்று. வேழம் என்றால் யானை என்று மட்டும் அறிந்தவர் கண்முன் பெரும் போர் ஒன்று தோன்றும். வேழத்துக்குக் கரும்பு என்னும் பொருளும் உண்டு என அறிந்தவர் முன்னே ஒரு யானை அமைதியாகக் கரும்பு தின்றுகொண்டிருக்கும். வேற்றுமை உருபு இடம் மாறினாலோ, கரும்பு யானையை முறித்துவிடும்! இரண்டாம் வேற்றுமையை இதைவிட விரைவாகக் கற்பிக்கும் பாடம் அரிது.

ஓரெழுத்து ஒருமொழிகள் இவ்விளையாட்டுக்குப் பொற்சுரங்கம் எனலாம். நன்னூலார் நாற்பத்திரண்டு எனக் கணக்கிட்டார். நாற்பது நெடில், இரண்டு குறில். ஆ, ஈ, பூ, கை, தீ, நீ, வா, போ என்பன அன்றாடம் வழங்குவன. ஏ என்றால் அம்பு, சோ என்றால் மதில், நே என்றால் அன்பு, பே என்றால் நுரை, வௌ என்றால் கவர்ந்துகொள் என்பன மறந்தே போயின. மதகில் நீரைத் தாங்கும் பலகைக்கு ஓ என்று பெயர். வியப்பைக் குறிக்கும் ஓவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயினும் மதகுப் பலகையை இழுத்தவுடன் பாயும் நீரைக் கண்டவர் வாயில் அவ்வோசையே பிறந்திருக்கும் என்று கவிஞர் எவரேனும் எழுதினால் இலக்கணம் சினம் கொள்ளாது.

"நீ கோ, கா கா" என்னும் தொடரைப் பாருங்கள். நான்கு எழுத்து, நான்கு சொல். காதால் கேட்பவர்க்குக் காக்கையின் குரலாகத் தோன்றும். பிரித்துப் பொருள் கொண்டால், நீ அரசன், சோலையைக் காப்பாயாக என்று ஆகும். முதல் கா பெயர். இரண்டாம் கா ஏவல் வினை. குறிலாக வரும் நொ, து இரண்டும் ஏவல்களே. வருந்து, உண் என்பன அவற்றின் பொருள்.

இவை சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குவோர், இவ்விளையாட்டின் பேரவை எத்தன்மையது என்பதை எண்ணுதல் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும், பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் இணைத்துச் சிலேடை பாடினார். தகர வருக்கம் ஒன்றையே கொண்டு வண்டை விளித்தும், ககர வருக்கம் ஒன்றையே கொண்டு காக்கை, கூகைகளின் பகையைக் கூறியும் பாடினார். பின்னதில் பகல் வெல்லும் பறவை, இரவு வெல்லும் பறவை என்னும் அரசியல் நுட்பமும் அடங்கியுள்ளது. ஒரு வருக்கத்துக்குள் நின்று ஒரு கருத்தை முழுமையாக உரைக்க எத்துணைச் சொற்கள் கைவசம் இருத்தல் வேண்டும்! நாவைச் சுளுக்கும் வேடிக்கையாக மட்டுமே இன்று மேடைகளில் அவை ஒப்புவிக்கப்படுவது வருந்தத்தக்கது.

விளையாட்டில் பணயமும் உண்டு. வாதில் தோற்ற புலவரின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார் எனவும், அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடிவர, உடனுக்குடன் உரை கூறிவந்த அவர், முழுவதும் தகர வருக்கத்தால் ஆன செய்யுளில் உரை காணாது திகைத்தார் எனவும் செவிவழிக் கதை வழங்குகிறது. வென்ற அருணகிரியார் காதைக் கேட்கவில்லை. அத்தொழிலையே கைவிடச் செய்தார். வரலாறு இதனை ஏற்குமா என்பது வேறு. ஒரு சொல்லின் பொருள் தெரியாமை எவ்வளவு பெரிய இழப்பாக அக்காலத்தில் எண்ணப்பட்டது என்பதற்குக் கதையே போதும்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம் நிகழ்த்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்பட ஓர் ஈற்றடியைக் கொடுத்து அவரைப் பாடச் சொன்னார்கள் என்பர். இசுலாமியரான புலவரை இக்கட்டில் நிறுத்தும் நோக்கம் அதில் வெளிப்படை. பாவலர் முந்தைய அடியின் இறுதியில் சத் என்னும் அசையை நிறுத்தினார். ஈற்றடியின் துருக்கன் அதனோடு சேர்ந்து சத்துருக்கன் ஆனான். இராமன் தன் தம்பிக்குத் துணையானான். ஓர் அசையில் அவையின் பகைமை கரைந்தது. கொடுத்த அடியில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றவில்லை. சொல் எங்கே முறியும், எங்கே ஒட்டும் என்பதை விளையாடி விளையாடி அறிந்தவர்க்கே இது கைகூடும்.

எனினும், விளையாட்டு அறிந்தவர் கவிதையில் அதனை எப்போதும் வெளிக்காட்ட வேண்டும் என்பதில்லை. குறுந்தொகையின் 47ஆம் பாடல் வேங்கைப் பூ உதிர்ந்து பரவிய கரிய பாறை, நிலவொளியில் புலிக் குருளையாகத் தோன்றுவதைக் காட்டுகிறது. வேங்கைக்குப் புலி என்னும் பொருளும் உண்டு. சிலேடை கையெட்டும் தூரத்தில் காத்திருக்கிறது. புலவரோ மரத்துக்கு வேங்கை என்றும் விலங்குக்குப் புலி என்றும் தனித்தனிச் சொல்லை இட்டு, கேட்போரின் மனத்திலேயே இரண்டும் ஒன்றையொன்று தொடுமாறு விட்டுவிட்டார். புலியின் இளமைப் பெயர் குருளை என்னும் மரபும் பிறழவில்லை. காளமேகத்தின் கரவொலியைவிட இந்த மௌனம் உயர்ந்தது என்றே கூறத் தோன்றுகிறது.

அத்தொகையின் 37ஆம் பாடலில் பிடியின் பசியைப் போக்க யா மரத்தின் பட்டையைப் பிளக்கிறது களிறு. யா, நன்னூலார் கணக்கில் அடங்கிய ஓரெழுத்து மரம். அதன் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு அது ஓர் எண். பாலை நிலத்தில், பசித்த பிடியின் முன்னே, களிற்றின் கொம்பு படும் இடத்தில் அதனைக் கண்டவனுக்கு அது மரம்.

நூல்கள் கைவிடும் இடத்தில் மக்கள் வழக்கு கைகொடுப்பதும் உண்டு. சீவக சிந்தாமணியில் இடையன் வெட்டிய மரம் பற்றிய உவமை ஒன்று வருகிறது. அதன் நுட்பம் உ.வே. சாமிநாதையருக்கு நெடுநாள் தெளிவுபடவில்லை. "இடையன் வெட்டு அறாவெட்டு" என்னும் பழமொழியே அதனை விளக்கியது. ஆடுகள் தழையை எட்டித் தின்னுமாறு கிளையைச் சாய்ப்பார். ஆனால் முழுவதும் துண்டிக்கமாட்டார். கிளை மரத்தோடு ஒட்டியே உயிர்வாழும். அறாவெட்டு என்னும் சொல்லைக் கத்தியும் ஆடும் மரமும் சேர்ந்தே காத்துவந்தன. இதனை 'இடையன் எறிந்த மரம்' என்னும் கட்டுரையில் ஐயரவர்கள் சுவைபட எழுதியுள்ளார். அக்கட்டுரையைப் படிக்காதோர் இன்றே படித்தல் நலம்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் திங்கள் கூட்டங்களில் கவிதை படிக்கப்படுகிறது, திறனாய்வும் நிகழ்கிறது. இனிக் கூட்டத் தொடக்கத்தில் கால் மணி நேரம் இவ்விளையாட்டுக்கு ஒதுக்கலாம். ஒருவர் ஒரு சொல்லைக் கொணர்தல் வேண்டும். அகராதியிலிருந்து எடுப்பினும் அமையும், கொல்லன் பட்டறையிலிருந்தோ தறிக்கூடத்திலிருந்தோ எடுப்பின் மிக நன்று. மற்றவர் அதனை ஒரு தொடரில் அமைத்தல் வேண்டும். தவறாக அமைத்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம். காதை மட்டும் அறுத்தல் கூடாது. முதற் கூட்டத்துக்கு நுழாய், மூசு, கச்சல் மூன்றும் இருக்கட்டும். ஓரெழுத்து வல்லவர்கள் விரும்பின் நொவையும் துவையும் ஒரே தொடரில் அமைத்து வரலாம்.