கரண்டைக்கால் சுளுக்கா, எலும்பு முறிவா?

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

 

ஒளுச் செய்யும்போது கரண்டை வரை காலைக் கழுவுகிறோம். தினமும் கைபடும் அந்த மூட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஹவுள் படியில் பாசி வழுக்கி, கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. "சுளுக்குத்தான்" என்று எண்ணெய் போட்டு உருவி விட்டார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருபது நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால், வெளிக்கரண்டை எலும்பு முறிந்து விலகியிருந்தது. "அன்றைக்கே வந்திருந்தால் மாவுக்கட்டோடு போயிருக்கலாம்" என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். இன்றும் நாற்காலியில்தான் தொழுகிறேன்.

கால் மடங்கும்போது பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்தான் இழுபடும், கிழியும். அதுதான் சுளுக்கு. ஆனால் எலும்பு முறிந்தாலும் வீக்கமும் வலியும் அதே மாதிரிதான் இருக்கும். பார்வைக்குத் தெரியாது.

கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அடிபட்டவுடனும், பிறகு பரிசோதிக்கும்போதும் நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடியவில்லையா? இரண்டு பக்கக் கரண்டை எலும்பின் நுனியிலோ, பின் விளிம்பில் நாலு விரல் உயரத்துக்குள்ளோ அழுத்தினால் சுள்ளென்று வலிக்கிறதா? பாதத்தின் நடுவில், சுண்டுவிரல் பக்கம் துருத்தும் எலும்பிலோ உள்பக்க எலும்பிலோ அப்படி வலிக்கிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் எக்ஸ்ரே எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கும், காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கை நம்பாமல் நேரே டாக்டரிடம் காட்டுங்கள்.

கால் கோணிப்போனாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ, விரல்கள் மரத்து, குளிர்ந்து, நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அடிபடாமலே கரண்டை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் அதுவும் ஆபத்துதான். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

சாதாரணச் சுளுக்கென்றால் காலுக்கு ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் உருவுவதும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். வலி குறையக் குறைய மெதுவாக நடக்கலாம். ஒரு வாரத்தில் தேறாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

கட்டுப் போட்டிருந்தால் அதன் மேல் ஈரக்கையால் மஸஹ் செய்யலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். இது மார்க்கம் தந்த சலுகை. விவரம் வேண்டுவோர் இமாமிடம் கேளுங்கள்.

நம்மில் பலர் தாமதிப்பது அறியாமையால் மட்டுமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்ற பயம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் காரைக்குடி அரசு மருத்துவமனையும் நமக்காகத்தான் இருக்கின்றன. ஆட்டோ செலவுக்கும் அன்றைய அரிசிக்கும் அறக்கட்டளையிடம் கேளுங்கள். மனு எழுத வேண்டாம், வாய்ச்சொல் போதும். ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வருவதை விட, எக்ஸ்ரேக்குப் போக உதவி கேட்டு வாருங்கள்.