புதிய பிக்கப் வண்டியும் எரிபொருட் கணக்கும்



ஐக்கிய அமெரிக்காவிலே மிகுதியாக விற்பனையாகும் வாகனங்கள் எவை என வினவினால், சிறிய மோட்டார்க் கார்களின் பெயர்களையே பலரும் எதிர்பார்ப்பர். உண்மை அதுவன்று. போர்ட் நிறுவனத்தார் 1948ஆம் ஆண்டின் மாதிரியாக அறிமுகஞ் செய்த எப் வரிசைப் பிக்கப் வண்டி, 1977ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டுப் பிக்கப் வண்டிகளுள் விற்பனையில் முதலிடம் பெற்று வந்துள்ளது. முழு அளவுப் பிக்கப் எனப்படும் இவ்வகை வண்டி, முற்பக்கத்தில் ஐந்தாறு பேர் அமரும் அறையும் பிற்பக்கத்தில் திறந்த சரக்குத் தட்டும் உடையது. கமக்காரரும் தச்சரும் மேசன்மாரும் இதனைத் தொழிலுக்காக வாங்குகின்றனர். தொழிற் தேவை யாதுமின்றி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதற்கென வாங்குவோரும் மிகப் பலர்.

இவ்வாறு வாங்கிய ஒருவர் முதன்முறை எரிபொருட் தாங்கியை நிரப்பிக் கணக்குப் பார்க்கும்போது, பெரும்பாலும் ஏமாற்றமடைகின்றார். விற்பனைக்கு நின்ற வண்டியின் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த தாள் கலனுக்கு 22 மைல் என்று கூறிற்று. அவர் பெற்றதோ 17 மைல். வண்டியிற் பழுது உண்டோ, தாளிற் பொய் உண்டோ என்ற ஐயம் எழுகின்றது. பெரும்பாலான வேளைகளில் இரண்டும் இல்லை. அந்த எண் எவ்வாறு பிறந்தது என்பதை அறியாமையே ஏமாற்றத்துக்குக் காரணமாகும்.

முதலில் அளவையைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்கக் கலன் ஏறக்குறைய 3.8 லீற்றர் கொண்டது. இலங்கையில் முன்னர் வழங்கிய பிரித்தானியக் கலன் ஏறக்குறைய 4.5 லீற்றர் கொண்டது. எனவே அமெரிக்கர் கலனுக்கு 20 மைல் என்று சொல்வது, பழைய இலங்கைக் கணக்கில் 24 மைலுக்கும், இன்றைய கணக்கில் லீற்றருக்கு எட்டரைக் கிலோமீற்றருக்கும் சமமாகும்.

1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது அமெரிக்காவிலே பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் உண்டாயின. அதன் விளைவாக 1975ஆம் ஆண்டில் எரிசக்திச் சட்டமொன்று இயற்றப்பட்டது. புதிய வாகனங்களின் எரிபொருட் சிக்கனத்தை அளந்து, வாங்குவோர் காணுமாறு ஒட்டும் வழக்கம் அக்காலத்திலேயே நிலைபெற்றது. அந்த எண்களுக்குப் பொறுப்பாக உள்ளது அந்நாட்டுச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம். அதன் பரிசோதனைக்கூடம் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் அமைந்துள்ளது. எனினும் எல்லா வண்டிகளும் அங்கே சோதிக்கப்படுவதில்லை. உற்பத்தியாளரே விதிக்கப்பட்ட முறைப்படி சோதித்து முடிவுகளை அனுப்ப, முகவரகம் அவற்றுள் ஒரு பகுதியைத் தானும் சோதித்து உறுதி செய்கின்றது.

சோதனை தெருவில் நடப்பதன்று. வண்டியின் சில்லுகள் உருளைகளின் மேல் நிற்க, வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகின்றது. நகரச் சோதனையில் அது ஏறக்குறைய 11 மைல் தூரம் ஓடும். இடையில் 23 முறை நிற்கும். சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனையில் ஏறக்குறைய 10 மைல் தூரம் நில்லாது ஓடும். சராசரி வேகம் 48 மைல், உச்ச வேகம் 60 மைல். இச்சோதனைகள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்ற முறைப்பாடு நெடுநாள் இருந்தது. ஆகவே 2008ஆம் ஆண்டு மாதிரிகள் முதற்கொண்டு, 80 மைல் வரை விரையும் சோதனை ஒன்றும், கடும் வெப்பத்தில் குளிரூட்டியை இயக்கும் சோதனை ஒன்றும், உறைபனிக் குளிரில் ஓட்டும் சோதனை ஒன்றும் கணக்கிற் சேர்க்கப்பட்டன. நகர எண்ணுக்கு 55 பங்கும் நெடுஞ்சாலை எண்ணுக்கு 45 பங்கும் கொடுத்து ஒருங்கிணைந்த எண் பெறப்படுகின்றது. 2018ஆம் ஆண்டின் போர்ட் எப்-150 வண்டி, 2.7 லீற்றர் எஞ்சினும் பின்சில்லு இயக்கமும் உடையதாயின், நகரில் 20, நெடுஞ்சாலையில் 26, ஒருங்கிணைந்து 22 என்ற எண்களைப் பெற்றது.

இதனைப் பரீட்சைப் புள்ளிக்கு ஒப்பிடலாம். எல்லா மாணவரும் ஒரே வினாத்தாளுக்கு ஒரே நேரத்தில் விடை எழுதுவதால், ஒருவரை மற்றவரோடு ஒப்பிட அப்புள்ளி உதவுகின்றது. ஒரு மாணவன் நாளை தன் தொழிலில் எவ்வாறு விளங்குவான் என்பதை அது முற்றாக உரைப்பதில்லை. அதுபோலவே, இரண்டு வண்டிகளுள் எது சிக்கனமானது என்று தெரிந்தெடுப்பதற்கு அத்தாள் நல்ல துணை. ஒரு குடும்பத்தின் மாதச் செலவை அதிலிருந்து நேரே எழுதிக்கொள்ளுதல் தவறாகும். உண்மைப் பயன் பல காரணங்களால் வேறுபடும் என்ற வாசகம் அத்தாளிலேயே உள்ளது. அதனை வாசிப்போர் சிலரே.

பிக்கப் வண்டியில் அவ்வேறுபாடு சிறிய காரிலும் பார்க்கப் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உள. முதலாவது, அதன் உருவம். உயர்ந்து அகன்ற முகத்தோடு அது காற்றைப் பிளந்து செல்ல வேண்டியுள்ளது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மணிக்கு 60 மைலில் இருந்த எதிர்ப்பு, 75 மைலில் ஒன்றரை மடங்கிற்கும் அதிகமாகின்றது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலே 75 மைல் வேகம் பல நெடுஞ்சாலைகளில் அனுமதிக்கப்பட்டுள்ளது. டெக்ஸாஸ் மாநிலத்தின் 130ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஒரு பகுதியிலே 85 மைல் வரை செல்லலாம். அங்கே நாள்தோறும் விரைந்து செல்பவர், தாளிற் கண்ட நெடுஞ்சாலை எண்ணைத் தமது வண்டியில் எதிர்பார்ப்பது பொருந்தாது.

இரண்டாவது, அதன் பாரம். இவ்வகை வண்டிகள் ஏறக்குறைய இரண்டு தொன்னும் அதற்கு மேலும் நிறையுடையவை. 2015ஆம் ஆண்டு மாதிரியில் போர்ட் நிறுவனத்தார் உருக்குக்குப் பதிலாக அலுமினியத்தால் உடலமைத்து 700 இறாத்தல் வரை குறைத்தனர். ஆயினும், நகரிலே நின்று நின்று புறப்படும் ஒவ்வொரு முறையும் அந்நிறை முழுவதையும் மீண்டும் அசைத்தாக வேண்டும். ஆக்ஸிலேற்றரை ஓங்கி மிதித்து, பின் பிரேக்கை அழுத்தும் பழக்கமுடையோருக்கு நகர ஓட்டத்தில் நூற்றுக்கு 10 முதல் 40 வரை வீணாகும் என்பது அமெரிக்க அரசின் கணிப்பு.

மூன்றாவது, வண்டியின் புதுமை. புதிய எஞ்சினின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இலகுவாக இயங்கச் சில ஆயிரம் மைல்கள் செல்லும். 3,000 முதல் 5,000 மைல் வரை ஓடிய பின்னரே வண்டி தன் முழுச் சிக்கனத்தை அடையும் என்பது அந்நாட்டு அரசு வாங்குவோருக்குக் கூறும் அறிவுரை. ஆகவே முதல் நிரப்பலின் கணக்கைக் கண்டு முறையிடுதல், பள்ளியிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிள்ளையின் கல்வியை மதிப்பிடுதல் போன்றது. வண்டி வாங்கியது மாரிகாலமாயின் குறைவு இன்னும் மிகும். உறைபனிக் குளிரில் எஞ்சினும் எண்ணெயும் சூடேறுமுன்னரே முடிந்துவிடும் மூன்று நான்கு மைல் பயணங்களில், எரிபொருட் சிக்கனம் நூற்றுக்கு 24 வரை குறையக்கூடும்.

நான்காவது, வாங்கியவரே செய்யும் மாற்றங்கள். அழகுக்காக வண்டியை உயர்த்துவோரும், பெரிய ரயர்களைப் பூட்டுவோரும் உளர். உயர்ந்த வண்டி மேலும் காற்றை ஏற்கும். பாரமான ரயர் உருளுவதற்கு மேலும் வலு கேட்கும். இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. பெரிய ரயர் ஒருமுறை சுழலும்போது கூடுதல் தூரம் செல்லும். பழைய ரயருக்கென அமைந்த மைல்மானி அதனை அறியாது, ஓடிய தூரத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே மானியைத் திருத்தாது போட்ட கணக்கு, உள்ளதிலும் பார்க்கக் கேடாகத் தோன்றும்.

ஐந்தாவதாகச் சொல்லவேண்டியது சுமை. பிக்கப் வண்டி சுமைக்கென்றே பிறந்தது. ஆயினும் தாளில் உள்ள எண் ட்ரெயிலர் இழுக்கும் வண்டிக்கு உரியதன்று. பெட்டிபோல் உயர்ந்த ட்ரெயிலரை நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லுங்கால் கலனுக்குரிய மைல் பாதியாகவும் குறையலாம். சிறிய எஞ்சினோடு டர்போ பூட்டிய வண்டிகள் வெறுமையாக மெல்லச் செல்லும்போது சிக்கனமானவை. சுமை ஏறியதும் பெரிய எஞ்சினைப் போலவே எரிபொருளை வேண்டுவன. மின்மோட்டாரும் பெற்றோல் எஞ்சினும் இணைந்த கலப்பு வகையோ பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மீட்டு நகரில் நன்மை செய்கின்றது. 2021ஆம் ஆண்டின் எப்-150 கலப்பு வண்டி, நான்கு சில்லு இயக்கத்துடன், நகரிலும் நெடுஞ்சாலையிலும் ஒரேயளவாக 24 மைல் பெற்றமைக்கு இதுவே காரணம். நெடுஞ்சாலையில் மீட்பதற்கு அதிகம் இல்லை. எனவே எந்த எஞ்சின் சிறந்தது என்ற வினாவுக்கு, எந்த வேலைக்கு என்ற மறுவினாவே விடையாகும்.

மேலும் பெரிய வண்டிகளை நாடுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. சுமையோடு சேர்ந்த அனுமதி நிறை 8,500 இறாத்தலுக்கு மேற்பட்ட பிக்கப் வண்டிகளுக்கு இந்த எரிபொருட் தாள் ஒட்டப்படுவதே இல்லை. அங்கே எண் இல்லாமை, செலவு இல்லாமை ஆகாது.

இனி, உண்மையை அறிவது எப்படி? வண்டியின் முகப்பிலுள்ள கணிப்பான் ஓர் எண்ணைக் காட்டும். அது சற்றுத் தாராளமாகக் காட்டுவதும் உண்டு. ஒரு பென்சிலும் சிறிய கொப்பியும் போதும். தாங்கியை நிரப்பி மைல்மானியின் எண்ணைக் குறிக்க வேண்டும். மறுமுறை நிரப்பும்போது, ஓடிய மைலை நிரப்பிய கலனால் வகுக்க வேண்டும். ஒரு நிரப்பலைக் கொண்டு முடிவு செய்தலாகாது. பத்து நிரப்பல்களின் மொத்த மைலை மொத்தக் கலனால் வகுத்தால் கிடைப்பதே அவ்வண்டி, அவ்வீட்டாரின் கையில் தரும் உண்மைச் சிக்கனம்.

அந்த எண்ணைப் பொருள்கொள்வதிலும் ஒரு மயக்கம் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றிச்சட் லறிக், ஜாக் சோல் என்னும் இருவர் 2008ஆம் ஆண்டில் அதனை எடுத்துக்காட்டினர். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் வண்டிகளைக் கொள்க. கலனுக்கு 30 மைல் தந்த கார் 40 மைல் தருமாயின் மிச்சமாவது 125 கலன். கலனுக்கு 15 மைல் தந்த பிக்கப் வண்டி 20 மைல் தருமாயின் மிச்சமாவது 250 கலன். பத்து மைல் கூடியதிலும் பார்க்க ஐந்து மைல் கூடியதே இருமடங்கு மிச்சந் தருகின்றது. பெருந்தீனி தின்னும் வண்டியிலே சிறு திருத்தமும் பெரும் பயன் தரும். சிறு வீழ்ச்சியும் பெரும் நட்டம் தரும். இதனாலேயே 2013ஆம் ஆண்டு மாதிரிகள் முதற்கொண்டு, நூறு மைலுக்கு எத்தனை கலன் என்ற எண்ணும் தாளிற் சேர்க்கப்பட்டது. வீட்டுக் கணக்குக்கு உகந்தது அதுவே.

முன்னர்க் கூறிய ஏமாற்றத்தை இப்போது பணத்தில் அளக்கலாம். 22 மைல் என நம்பி 17 மைல் பெறுபவர், 15,000 மைல் ஓடினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 200 கலன் கூடுதலாக நிரப்புகின்றார். கலன் மூன்றரை டொலராயின் 700 டொலர். 2022ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அமெரிக்காவில் பெற்றோலின் சராசரி விலை கலனுக்கு 5 டொலரைத் தாண்டிற்று. அவ்விலை நிலைப்பின் அதுவே 1,000 டொலராகும். வண்டியைக் கடனுக்கு வாங்கி மாதந்தோறும் தவணை செலுத்தும் தொழிலாளி ஒருவருக்கு அது சிறு தொகையன்று. தவணைப் பணம் முன்கூட்டியே எழுதப்பட்டது. எரிபொருட் செலவு எவரும் எழுதித் தராதது. முன்னையதை மட்டும் எண்ணிக் கையொப்பமிடும் குடும்பங்களே பின்னர் இடருறுகின்றன.

ஆகவே வாங்குவதற்கு முன் சில வினாக்களுக்கு விடை காணல் தகும். ஆண்டில் எத்தனை நாள் சுமை ஏற்றப்படும்? எத்தனை மைல் நகரில், எத்தனை மைல் நெடுஞ்சாலையில்? தாளிற் கண்ட எண்ணிலும் ஐந்திலொரு பங்கு குறைந்தாலும் வீட்டு வருமானம் தாங்குமா? தாங்கும் என்பவர் மனக்கலக்கமின்றி வாங்கலாம். வாங்கிய பின்னும் சில அவர் கையிலேயே உள்ளன. ரயர்களிற் காற்றைச் சரியாக வைத்தல், தேவையற்ற பாரத்தைத் தட்டிலிருந்து இறக்குதல், வேகத்தை ஐந்து பத்து மைல் குறைத்தல் ஆகிய இவற்றுக்குக் காசு வேண்டியதில்லை.

உழைக்கும் மனிதனுக்கு வலுவுள்ள வண்டி ஒரு தோழன். அத்தோழன் எவ்வளவு உண்பான் என்பதை அறிந்து வீட்டுக்கு அழைத்தல் இருவருக்கும் நன்று.